திம்புக்துவின் அமானிதக் காவலர்கள்

பாட்டனார் ஓதிய பழைய கிதாபு ஒன்று உங்கள் இல்லத்துப் பரண்மீது துணியில் சுற்றிக் கிடக்கக்கூடும். அதன் ஓரங்கள் கறுத்திருக்கும். கரையான் சில பக்கங்களைத் தின்றிருக்கும். அது உங்களுக்குச் சொந்தமானதா, அன்றி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமா? சொந்தமெனில் விற்கலாம், எறியலாம், மறந்தும் போகலாம். அமானிதமெனில் இம்மூன்றில் ஒன்றையும் செய்ய வழியில்லை. ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் ஓரத்தில் வாழும் எளிய மக்கள் சிலர், 2012ஆம் ஆண்டில், இக்கேள்விக்குத் தம் உயிரைப் பணயமாக வைத்து விடை கூறினார்கள்.

மாலி நாட்டில், நைஜர் ஆறு சஹாராவை நெருங்கி வளையும் இடத்தருகே அமைந்திருக்கிறது திம்புக்து. வடக்கிலிருந்து உப்புப் பாளங்களைச் சுமந்து வரும் ஒட்டகங்களும், தெற்கிலிருந்து தங்கம் ஏற்றிவரும் ஓடங்களும் கூடிய சந்தை நகரம் அது. 1324இல் ஹஜ் யாத்திரை சென்ற மன்னர் மன்சா மூசா, திரும்பும் வழியில் அந்தலூஸியரான ஒருவரை அழைத்து வந்து ஜிங்கரெபேர் பள்ளிவாசலை எழுப்பச் செய்தார் என்பது வரலாறு. மண்ணாலும் மரக்கழிகளாலும் ஆன அப்பள்ளி இன்றும் நிற்கிறது. ஸங்கோரே பள்ளிவாசல் கல்விக்குப் பேர்போனது. அது ஒரு செல்வப் பெண்மணியின் பொருளால் எழுந்ததென்று பழைய சரித்திரம் குறிப்பிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரைக் கண்ட யாத்ரீகர் ஹஸன் அல் வஸ்ஸான், ஏனைய சரக்குகளைக் காட்டிலும் அங்கே கையெழுத்து நூல்களின் வியாபாரத்திலேயே மிகுந்த இலாபம் கிடைத்ததாக எழுதி வைத்தார். தங்கத்தின் நகரம் என்று ஐரோப்பா கனவு கண்ட ஊரில் ஏட்டுக்கே விலை அதிகம்!

அந்நகரின் அறிஞர்களுள் தலைசிறந்தவர் அஹ்மத் பாபா (1556–1627). 1591இல் மொரோக்கோப் படையினர் அப்பகுதியைக் கைப்பற்றினர். சில ஆண்டுகளில் அஹ்மத் பாபாவும் அவருடைய உறவினரும் கைது செய்யப்பட்டு, பாலைவனத்தைக் கடந்து மராகெஷுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சுல்தானின் முன்னிலையில் அவர் அஞ்சவில்லை. தம் நூல்களில் 1,600 பறிபோயின என்று முறையிட்டார். அத்தோடு, தம் குடும்பத்தாரில் மிகக் குறைந்த நூல்களை உடையவர் தாமே என்றும் சொன்னார். சிறைப்பட்ட மனிதர் தம் வீட்டையோ பொருளையோ முதலில் கேளாமல் நூலைக் கேட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். 1608இல்தான் அவர் சொந்த ஊர் திரும்பினார்.

அவ்வேடுகளில் இருப்பவை யாவை? குர்ஆன் பிரதிகளும் ஹதீஸ் தொகுப்புகளும் மாலிகி மத்ஹபின் சட்ட நூல்களும் உண்டு. வானியல், கணிதம், மருத்துவம், இலக்கணம், கவிதை ஆகியனவும் உண்டு. வியாபாரிகளின் கடன் பத்திரங்களும், காழிகளிடம் கேட்ட கேள்விகளும், குடும்பக் கடிதங்களும் உண்டு. பெரும்பாலானவை தைக்கப்படாத தனித்தாள்கள். தோலுறை ஒன்றுக்குள் அடுக்கிக் கட்டி வைக்கப்பட்டவை. சில ஏடுகள் அரபு எழுத்தில் இருந்தாலும் அரபு மொழியில் இல்லை. சோங்காய், ஃபுலானி முதலிய தம் தாய்மொழிகளையே அம்மக்கள் அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத் தமிழில் கிதாபு ஓதிய முன்னோர்களைக் கொண்ட நமக்கு இது புரியாத செய்தியன்று.

இனி, இந்தக் கட்டுரையின் நாயகர்களிடம் வருவோம். மம்மா ஹைதரா என்பவர் திம்புக்துவின் மார்க்க அறிஞர். பல தலைமுறைச் சேகரத்தின் உரிமையாளர். 1981இல் அவர் காலமானார். மக்களில் அப்துல் காதிர் ஹைதரா என்ற பதினேழு வயது இளைஞரைக் குடும்பத்தார் நூல்களின் பொறுப்பாளராகத் தெரிந்தெடுத்தனர். தம் வாழ்நாள் முழுவதும் அவற்றைக் காப்பதாகச் சாட்சிகளின் முன்னால் அவர் வாக்களித்தார். வாரிசாகப் பிறந்ததனால் மட்டும் எவரும் காவலராகி விடுவதில்லை. அவ்வூர் வழக்கப்படி வாக்குக் கொடுத்தாக வேண்டும்.

1973இல் மாலி அரசாங்கம் அஹ்மத் பாபாவின் பெயரால் அங்கு ஓர் ஏட்டு நிலையத்தை நிறுவியிருந்தது. 1984இல் அதன் பணிக்கு ஹைதரா அழைக்கப்பட்டார். முதலில் தயங்கியவர், பின்னர் ஒட்டகத்திலும் ஓடத்திலும் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டினார். எளிதான காரியமா அது? பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பறிபோகும் என்றஞ்சிப் பெரியவர்கள் ஏடுகளை மணலில் புதைத்தும், சுவருக்குள் வைத்துப் பூசியும் மறைத்திருந்தனர். அந்த அச்சம் பேரப்பிள்ளைகளிடமும் நிலைத்திருந்தது. கேட்டவுடன் எவரும் காட்டவில்லை. பல நாள் தங்கி, நம்பிக்கை பெற்று, உரிய ஈடு கொடுத்தே அவர் ஏடுகளைப் பெற்றார். ஏறத்தாழ பத்தாண்டுகளில் அந்நிலையத்திற்கு இவ்வாறு வந்து சேர்ந்தவை பல்லாயிரம்.

ஆயினும் ஒரு குறை அவர் மனத்தை அரித்தது. அரசு நிலையத்திற்குக் கொடுக்க விரும்பாத குடும்பங்கள் எத்தனையோ இருந்தன. அவர்களிடம் ஏட்டைப் பறிப்பதா, அவர்களையே காவலர்களாக ஆக்குவதா? இரண்டாவது வழியே மேலென்று அவர் கண்டார். 1996இல் ஏடுகளை உடைய குடும்பத்தாரைக் கொண்டு சாவாமா என்ற சங்கத்தை அவர் அமைத்தார். ஏடு எவர் வீட்டுடையதோ அவர் வீட்டிலேயே இருக்கும். பெட்டியும் பேணும் பயிற்சியும் பட்டியலிடும் உதவியும் சங்கத்தின் மூலம் கிடைக்கும். 2000ஆம் ஆண்டில் தம் தந்தையார் பெயரால் ஒரு நூலகத்தையும் அவர் திறந்தார். அதைக் கண்டு பிற குடும்பங்களும் முன்வந்தன. 2012க்குள் அவ்வூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட தனியார் நூலகங்கள் இருந்தன. இந்த ஒற்றுமை முன்னரே உருவாகியிராவிட்டால், பின்னால் வந்த சோதனையில் ஓர் ஏடும் தப்பியிராது என்பது என் எண்ணம்.

2012 மார்ச்சில் தலைநகர் பமாக்கோவில் இராணுவப் புரட்சி நிகழ்ந்தது. ஏப்ரல் முதல் தேதியில் ஆயுதக் குழுக்கள் திம்புக்துவுக்குள் நுழைந்தன. மார்க்கத்தின் பெயர் சொல்லி வந்தவர்கள் சாட்டையைக் கையில் எடுத்தார்கள்; இசையைத் தடை செய்தார்கள். தெருவில் கொள்ளை நடப்பதைக் கண்ட ஹைதராவும் சங்கத்தாரும் ஓர் முடிவுக்கு வந்தனர். பெரிய கட்டடங்களில் இருப்பவை முதலில் கண்ணில் படும். ஆகவே அவற்றை வீடுகளுக்குள் பரப்பி விட வேண்டும். ஆங்கிலம் கற்பதற்கென ஒரு வெளிநாட்டு அறநிலையம் ஹைதராவுக்கு ஒதுக்கியிருந்த 12,000 டாலரை, அனுமதி பெற்று, தகரப் பெட்டிகள் வாங்கச் செலவிட்டார்கள். சந்தையில் பெட்டிகள் தீர்ந்தபோது வேறு ஊரிலிருந்து தருவித்தார்கள். நூலகப் பணியாளர்களும் உரிமையாளரின் பிள்ளைகளும் மருமக்களும் இரவில் கைவிளக்கொளியில் ஏடுகளை அடுக்கினார்கள். கழுதை வண்டிகள் அவற்றைச் சந்துகள் வழியே வீடுகளுக்குக் கொண்டு சென்றன.

ஜூன் மாத இறுதியில் நிலைமை முற்றியது. நல்லடியார்களின் அடக்கத்தலங்களை ஆயுததாரிகள் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் இடிக்கத் தொடங்கினர். ஸீதி யஹ்யா பள்ளிவாசலின் நெடுங்காலம் திறவாதிருந்த கதவையும் உடைத்தார்கள். கப்றுகளின்மீது கட்டடம் எழுப்புவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைக் கற்றோர் சபையில் பேசலாம். ஊரார் விருப்பத்திற்கு மாறாகத் துப்பாக்கி முனையில் இடிப்பதற்கு அந்த வேறுபாடு ஆதாரமாகாது. இன்று கட்டடத்தை இடித்தவர் நாளை ஏட்டைக் கொளுத்த எவ்வளவு நேரம் பிடிக்கும்? சங்கத்தார் இப்படித்தான் எண்ணினார்கள். ஏடுகளை ஊரை விட்டே வெளியேற்றுவதென முடிவாயிற்று.

பமாக்கோ ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வண்டி ஒன்றில் இரண்டு மூன்று பெட்டிகள் மட்டுமே ஏற்றப்பட்டன. ஒன்று பிடிபட்டாலும் மற்றவை தப்பும் என்பதே கணக்கு. ஓட்டுநர்களும் உடன் சென்ற இளைஞர்களும் முதலில் ஆயுததாரிகளின் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். அப்பால் அரசு இராணுவத்தின் சாவடி. அங்கும் ஐயம்தான், அங்கும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். உடன் சென்றவர்களில் பெரும்பாலோர் அறிஞர்களல்லர். தாம் சுமப்பதை வாசிக்க அறியாதவரும் அவர்களில் இருந்திருப்பர். 2013 ஜனவரியில் போர் மூண்டு சாலை அடைபட்டபோது, எஞ்சிய பெட்டிகள் நைஜர் ஆற்றின் வழியே ஓடங்களில் பயணமாயின. தண்ணீரில் ஓர் ஓடம் கவிழ்ந்தால் நூற்றாண்டுகளின் மை ஒரு நொடியில் கரைந்து போகும்! ஆயினும் வேறு வழி இருக்கவில்லை. கரையேறியபின் மறுபடியும் வண்டிகள்.

அந்த ஜனவரி இறுதியில், பிரெஞ்சு, மாலி நாட்டுப் படைகள் நெருங்கவே, ஆயுததாரிகள் நகரை விட்டு வெளியேறினர். போகும்போது அஹ்மத் பாபா நிலையத்தின் புதிய கட்டடத்தில் கிடந்த ஏடுகளுக்குத் தீ வைத்தனர். சுமார் 4,000 ஏடுகள் அழிந்தன. அதே கட்டடத்தின் நிலவறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்த 10,000க்கும் மேற்பட்டவை அவர்கள் கண்ணில் படாமல் தப்பின.

உலகம் முழுவதும் திம்புக்துவின் ஏடுகள் எரிந்தொழிந்தன என்று செய்தி பரவியது. உண்மை சில நாள்கள் கழித்தே வெளிவந்தது. ஏறத்தாழ 3,50,000க்கும் மேற்பட்ட ஏடுகள் பமாக்கோ சேர்ந்ததாகச் சங்கத்தார் கூறினர். இந்த எண்ணிக்கையை ஆய்வாளர் அனைவரும் ஒப்பவில்லை. அது மிகைப்படுத்தப்பட்டது என்போரும் உண்டு. தனித்தாளை ஓர் ஏடாக எண்ணுவதா, கட்டு முழுவதையும் ஓர் ஏடாக எண்ணுவதா என்பதிலேயே கணக்கு மாறிவிடும். வாசகர்களிடம் இதனை மறைக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும், அந்தப் பெட்டிகளோடு சோதனைச் சாவடியில் நின்ற இளைஞனின் நெஞ்சத் துடிப்பு பாதியாகக் குறைந்து விடுமா?

இடிக்கப்பட்ட அடக்கத்தலங்களின் கதையையும் சொல்லி முடிப்போம். அவ்வூர்க் கொத்தனார்கள், தந்தையிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் தொழில் முறையைக் கொண்டவர்கள். யுனெஸ்கோவின் உதவியோடு அவர்களே மீண்டும் மண் குழைத்து, 2015க்குள் அவற்றை எழுப்பினார்கள். இடிப்பதற்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான அஹ்மத் அல் பகீ அல் மஹ்தி, அதே வட்டாரத்தைச் சேர்ந்தவர்; மார்க்கம் கற்றவர். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தம் ஊர் மக்களிடம் மன்னிப்புக் கோரினார். 2016 செப்டம்பரில் அவருக்கு ஒன்பதாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பண்பாட்டுச் சின்னங்களை அழித்ததற்காகவே அந்நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதுவே முதன்முறை.

பமாக்கோவில் ஏடுகளுக்கு வேறொரு பகை காத்திருந்தது. பாலைவனத்தின் வறண்ட காற்றில் நூற்றாண்டுகள் கிடந்த தாள்கள், தெற்கின் ஈரக் காற்றைத் தாங்கவில்லை. பூஞ்சணம் பற்றும் என்ற அச்சத்தால், ஒவ்வொன்றாகத் தூசு தட்டி, அளவெடுத்துச் செய்த அட்டைப் பெட்டிகளில் வைத்து, பட்டியலிட்டுப் படம்பிடிக்கும் வேலை தொடங்கிற்று. இதில் உதவ முன்வந்தோருள் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக் கிறிஸ்தவத் துறவிகளின் மடத்தைச் சார்ந்த ஹில் ஏட்டு நூலகமும் ஒன்று. முஸ்லிம்களின் கிதாபுகளைக் காக்க ஒரு பாதிரியார் பாலைவனத்து மக்களோடு அமர்ந்து திட்டமிட்டார் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். ஹைதராவுக்கு அதில் வியப்பில்லை. ஏட்டைப் பேணத் தெரிந்தவரை அவர் ஏட்டுக்காரராகவே கண்டார்.

ஏடுகள் ஊர் திரும்புவது எப்போது என்று அக்குடும்பத்தார் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வந்தனர். சுற்றுப்புறத்தில் ஆயுதக் குழுக்களின் தொல்லை ஓயவில்லை. ஆயினும் 2025 ஆகஸ்டில் அஹ்மத் பாபா நிலையத்தின் ஏடுகளில் முதல் பகுதி, இருநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளில், விமானமேறித் திம்புக்து வந்திறங்கியது.