ஒரு கை ஓய்ந்தால் என்ன? மறு கையால் தட்டலாம்!

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். எங்கள் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபது வருஷமாகக் கணக்குப் பார்த்துவந்த ஒருவரை, அவருடைய மனைவி என்னிடம் அழைத்துவந்தார். பக்கவாதம். மதுரையில் ஆஸ்பத்திரி வைத்தியம் முடித்து வீடு திரும்பியிருந்தார். பேச்சு தெளிந்துவிட்டது. கால் ஓரளவு ஊன்றுகிறது. வலது கை மட்டும் மடியில் வைத்தது வைத்தபடி கிடந்தது.

"சோறு இடது கையால சாப்பிடப் பழகிட்டேன் டாக்டர். ஆனா கம்ப்யூட்டர்ல கணக்கு ஏத்த முடியலையே! முதலாளி ரெண்டு மாசம் பொறுப்பார். அப்புறம்?" என்றார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முதல்ல உடம்பைப் பாருங்க. ஆறு மாசம் கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்க" என்றேன். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, தைலமும் தொக்கணமும் அறிந்த எனக்கு, ஒரு மனிதனுக்கு அவன் வேலையும் மருந்துதான் என்பது அன்று தோன்றவில்லை. அது என் தவறு. அந்தத் தவறுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதுப் பலகை வாங்க வேண்டுமா?

ஒரு கைக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட விசைப்பலகைகள் உண்டு. இங்கிலாந்தின் மால்ட்ரான் பலகையில் விசைகள் கிண்ணம்போல் குழிந்த பரப்பில் இருக்கும். விரல்கள் எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று எனத் தனித்தனி அமைப்பு. 1990-களில் கனடாவின் எட்கர் மட்டியாஸ் வேறொரு வழி கண்டார். அவருடைய முறையில் பாதிப் பலகை போதும். இடைவெளிப் பட்டையை அழுத்திக்கொண்டு தட்டினால், மறுபாதி எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறி வரும்.

இன்னொரு வகையில் ஐந்தே விசைகள். வீணையில் தந்திகளைச் சேர்த்து மீட்டுவதுபோல் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட், 1968-ல் உலகுக்கு அதைக் காட்டியபோது, இடது கையில் வைத்திருந்தது இப்படிப்பட்ட பலகையைத்தான். ஐந்து விசைகளில் 31 விதமாகச் சேர்த்து அழுத்தலாம். நம் தமிழின் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கூட்டிப் பாருங்கள், அதுவும் 31!

ஆனால் இவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் செலவு அதிகம். பழுதானால் நம் ஊர்க் கடையில் உதிரிப் பாகமும் கிடைக்காது. ஆகவே முதலில் வீட்டில் இருக்கும் சாதாரணப் பலகையிலேயே பழகுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அதுவே போதுமானது.

பழகும் முறை

1. உங்கள் பலகையில் 'எஃப்', 'ஜே' விசைகளின் மேல் சிறு மேடு இருக்கும். தடவிப் பாருங்கள். ஒரு கைக்காரருக்கு இந்த மேடுதான் வழிகாட்டி. இடது கையானால் சுண்டுவிரல் 'எஃப்', மோதிரவிரல் 'ஜி', நடுவிரல் 'ஹெச்', ஆள்காட்டிவிரல் 'ஜே' மேல் இருக்கட்டும். வலது கையானால் ஆள்காட்டிவிரல் 'எஃப்' மேலும் சுண்டுவிரல் 'ஜே' மேலும் வரும். இதுதான் கையின் வீடு. தட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் இங்கேயே திரும்ப வேண்டும்.

2. ஒரே கையால் ஷிப்டையும் எழுத்தையும் சேர்த்து அமுக்க முடியாதே என்பீர்கள். விண்டோஸில் ஷிப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து தடவை தட்டுங்கள். 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று திரையில் கேட்கும். சம்மதம் கொடுங்கள். பிறகு ஷிப்ட், கன்ட்ரோல், ஆல்ட் எதையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு தட்டு தட்டி விட்டுவிட்டு, அடுத்த விசையைத் தட்டினால் போதும். கை நடுங்கி ஒரே எழுத்து இரண்டு மூன்று முறை விழுகிறதா? அதைத் தடுக்க 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதி அதே பட்டியலில் இருக்கிறது.

3. எண்கள் பலகையின் வலது ஓரத்தில் இருப்பதால் இடது கைக்கு எட்டாது. எண்கள் மட்டும் உள்ள சிறு பலகை தனியாகக் கிடைக்கிறது. அதை இடப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வேலை செய்பவருக்கு இது பெரிய வரம்.

4. ஆகஸ்ட் டுவோரக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அடிக்கடி வரும் எழுத்துகளைக் கைக்கு அருகில் வைத்து, இடது கைக்கும் வலது கைக்கும் தனித்தனி வரிசை வகுத்தார். விண்டோஸிலேயே அவை இருக்கின்றன. பழைய வரிசை விரலில் ஊறியவர்கள் மாற வேண்டாம். புதிதாகக் கற்கும் இளையவர்கள் முயன்று பார்க்கலாம்.

5. தமிழில் எழுத, 1999-ல் சென்னை தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த 'தமிழ் 99' முறை நல்லது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று இரு கைகளுக்காக வகுத்ததுதான். என்றாலும் ஒரு கைக்காரருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ண, ள, ற என எந்தத் தமிழ் எழுத்துக்கும் ஷிப்ட் வேண்டாம். ஸ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான் அது தேவை.

முதல் வாரம் நாளுக்கு இரண்டு வேளை, கால் மணி நேரம் போதும். வேகம் தானாக வரும். அவசரப்படாதீர்கள்.

நல்ல கையையும் காப்பாற்றுங்கள்

இரண்டு மாடு இழுத்த வண்டியை ஒரு மாடு இழுக்கிறது. அந்த ஒரு மாடும் படுத்துவிட்டால்? நல்ல கையில் மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போதல், முழங்கை வலி வந்தால் அலட்சியம் கூடாது.

பலகையை மேஜையின் நடுவில் வைக்காமல், வேலை செய்யும் கைக்கு நேராக நகர்த்தி வையுங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும். இன்னொரு கை பிடித்துக்கொள்ள இல்லாததால் பலகை நழுவும். அடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து விரல்களை விரித்து மடக்குங்கள்.

ஓய்ந்த கையை மறந்துவிடாதீர்கள்

இதுதான் மிக முக்கியம். நல்ல கை எல்லாவற்றையும் செய்யப் பழகிவிட்டால், ஓய்ந்த கையை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். வரக்கூடிய அசைவும் வராமல் போகும். ஆகவே அந்தக் கையைத் தொங்கவிடாமல் மேஜைமேல் தலையணை வைத்துத் தாங்குங்கள். தொங்கினால் தோள்மூட்டு இறங்கி வலிக்கும். கொஞ்சம் அசைவு வந்ததும் அதற்கும் ஒரு வேலை கொடுங்கள். காகிதத்தை அமுக்கிப் பிடிக்கட்டும், இடைவெளிப் பட்டையைத் தட்டட்டும். வேலை சிறிதானாலும் பயிற்சி பெரிது.

தைலம், தொக்கணம் எல்லாம் மருத்துவர் பார்த்துச் சொல்லும் அளவில் நடக்கட்டும். அதற்காக ரத்த அழுத்த மாத்திரையையோ பிசியோதெரபியையோ நிறுத்திவிடாதீர்கள்.

பலகைப் பராமரிப்பு

எங்கள் ஊரில் பஞ்சுத் தூசி, பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா! இரண்டுமே விசைப்பலகைக்கு ஆகாது. ஒரு கைப் பலகையில் ஒரு விசை ஒட்டிக்கொண்டாலும் வேலை நின்றுபோகும்.

வாரம் ஒரு முறை இணைப்பைக் கழற்றி, பலகையைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள். மென்மையான பிரஷ்ஷால் இடுக்குகளைத் துடையுங்கள். பிசுக்கு இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் சிறிது நனைத்த துணியால் துடைக்கலாம். எதையும் பலகைமேல் நேராக ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. தைலம் தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பலகையைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடிவையுங்கள்.

டீ கொட்டிவிட்டதா? உடனே இணைப்பைக் கழற்றிக் கவிழ்த்து, நிழலில் ஒன்றிரண்டு நாள் உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும். மடிக்கணினியானால் மின்சாரத்தைத் துண்டித்து அணைத்து, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தேய்ந்த எழுத்துகளுக்கு ஸ்டிக்கர் கிடைக்கிறது.

வாசகர்கள் கேட்கும் சில கேள்விகள்

*பேசினாலே எழுதும் வசதி வந்துவிட்டதே, பலகை எதற்கு?*
தமிழில் பேசி எழுதும் வசதியை 2017-ல் கூகுள் கொண்டுவந்தது. கடிதத்துக்கு அருமை. ஆனால் எண்களும் கணக்குத் தலைப்புகளும் நிறைந்த வேலைக்கு விரலே நம்பிக்கையானது. பேச்சு குழறுபவர்களுக்கும் அது சரிவராது.

*வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறதே?*
அரசுப் பணியில் இருப்பவர் என்றால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டதற்காக வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்துவந்த வேலைக்கு ஏற்றவராக இல்லாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். தனியாரிடம் வேலை செய்பவர்கள் மறைக்காமல் பேசுங்கள். செய்து காட்டுங்கள்.

*மறுபடி பக்கவாதம் வந்தால்?*
வாய் கோணுதல், ஒரு கை சோர்ந்து விழுதல், பேச்சு குழறுதல், இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தில் என்னைப் போன்ற சித்த வைத்தியரைத் தேடி வர வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தக் கணக்கர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? நான் 'போகாதீங்க' என்றதை அவர் கல்லூரியில் படிக்கும் மகள் கேட்கவில்லை. "அப்பா, ஷிப்டை அஞ்சு தடவை தட்டுங்க" என்று ஆரம்பித்து, ராத்திரிதோறும் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டாள். மூன்றாவது மாதம் ஆலைக்கு அரை நாள் வேலைக்குப் போனார். பழைய வேகம் இல்லை. தப்பும் இல்லை. வலது கை இன்று காகிதத்தை அமுக்கிப் பிடிக்கும் அளவுக்கு வந்திருக்கிறது.

"இப்போல்லாம் ராத்திரி தூங்குறார் டாக்டர்" என்றார் அவர் மனைவி. என் தைலத்தால் மட்டும் வந்த தூக்கம் அல்ல அது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், மருந்தோடு ஒரு விசைப்பலகையையும் அவர் முன் வையுங்கள்.