இணையரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

காதல் உறவிலோ மணவாழ்விலோ இணைந்திருக்கும் வயதுவந்த இருவர், ஒருவர் மற்றவரைப் பிறரிடம் குறிப்பிடவும் நேரில் விளிக்கவும் பயன்படுத்தும் சொற்கள் இணையர் சொற்கள் எனலாம். கணவன், மனைவி, காதலன், காதலி, துணைவர், இணையர், வீட்டுக்காரர் முதலியவை இவ்வகையின. தமிழில் மணம் செய்துகொண்டவரைக் குறிக்கச் சொற்கள் ஏராளம். மணமின்றிச் சேர்ந்து வாழ்வோரையும், நடுவயதிலும் முதுமையிலும் புதிய உறவு அமைத்துக்கொண்டோரையும் குறிக்க மதிப்பான சொற்கள் குறைவு. "அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பது தமிழர் வழக்கம். இக்கேள்விக்கு விடையாக ஒரு சொல் இல்லாதபோது, அந்த உறவுக்கே இடம் இல்லை என்ற எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது.

பழந்தமிழில்

அகப்பாடல்களில் காதலர் இருவரும் தலைவன், தலைவி எனப்படுவர். தொல்காப்பியம் இவர்களைக் கிழவன், கிழத்தி என்றும் குறிக்கிறது. இங்கே கிழவன் என்பது முதியவனைக் குறிப்பதன்று. கிழமை என்றால் உரிமை. ஆகவே கிழவன், கிழத்தி என்பன உரிமையுடையவர் என்ற பொருளைத் தரும். மணத்திற்கு முந்திய களவு, மணத்திற்குப் பிந்திய கற்பு ஆகிய இரு நிலைகளிலும் இதே சொற்கள் வழங்கின. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறக்கூடாது என்பதும் தொல்காப்பியம் கூறும் மரபாகும்.

காதலர் என்னும் சொல்லும் அன்று இன்றைவிட விரிந்த பொருளுடையது. திருக்குறளின் கற்பியல் அதிகாரங்களில் பிரிந்து சென்ற கணவனையே தலைவி காதலர் என்கிறாள். பழைய இலக்கியத்தில் காதலன் என்பது மகனையும் காதலி என்பது மகளையும்கூடக் குறிக்கும். அன்புக்குரியவர் என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். திருமணத்திற்கு முந்திய இளையோரை மட்டும் குறிப்பதாக அது சுருங்கியது பிற்கால மாற்றமாகும். மனைவியைக் குறிக்கும் இல்லாள், கணவனைக் குறிக்கும் கொழுநன் ஆகிய சொற்களும் குறளில் உண்டு. அதன் ஆறாம் அதிகாரத்தின் பெயர் வாழ்க்கைத் துணைநலம். வாழ்க்கைத்துணை என்று இன்று வழங்கும் தொடருக்கு இது பழைய சான்று.

பேச்சு வழக்கில்

பேச்சுத் தமிழில் இச்சொற்கள் பெரும்பாலும் வீட்டையும் குடும்பத்தையும் ஒட்டி அமைந்தவை. வீட்டுக்காரர், வீட்டுக்காரி என்பன பரவலானவை. வாடகை வீட்டில் குடியிருப்பவர் வாயில் வீட்டுக்காரர் என்பது வீட்டு உரிமையாளரையும் குறிக்கும். இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். பொண்டாட்டி என்பது பெண்டாட்டி (பெண்டு + ஆட்டி) என்பதன் மரூஉ. புருஷன் என்பது ஆண் என்று பொருள்படும் வடசொல். சம்சாரம் என்ற வடசொல் உலக வாழ்வைக் குறித்தது. தமிழில் அது மனைவியைக் குறிக்கலாயிற்று. பிராமணர் வழக்கில் ஆத்துக்காரர் என்ற சொல் உண்டு. யாழ்ப்பாண வழக்கில் மனுசன், மனுசி என்பன கணவனையும் மனைவியையும் குறிக்கும்.

விளிக்கும் முறை

கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. கணவனின் பெயர் முருகன் என்றால், "பழனி மலையில இருக்கிற சாமி பேரு" என்று குறிப்புக் காட்டிய பெண்கள் உண்டு. இதனால் விளிச்சொற்கள் பெயரைத் தவிர்த்தே வளர்ந்தன. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கவனத்தை ஈர்க்கும் சொற்கள்: என்னங்க, ஏங்க, இந்தாங்க. யாழ்ப்பாணத்தில் இஞ்சாருங்கோ. இரண்டாவது, உறவுமுறைச் சொற்கள்: மாமா, மச்சான், அத்தான். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கத்தால் இவை பிறந்தன. உறவுக்கு வெளியே மணந்தவர்களும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். மூன்றாவது, பிள்ளையின் பெயரோடு சேர்த்து அழைப்பது: "செல்வி அப்பா", "குமார் அம்மா" என்பன போல.

இம்முறையில் ஓர் ஏற்றத்தாழ்வும் தெரியும். மனைவி "வாங்க, போங்க" என்று பன்மையில் பேச, கணவன் "வா, போ" என்று ஒருமையில் பேசுவதே பெருவழக்கு. இன்று படித்த இளையோரிடையே இருவரும் பெயர் சொல்லி அழைத்துக்கொள்வது பரவியுள்ளது.

துணையும் இணையும்

எழுத்து வழக்கில் துணைவர், இணையர் ஆகிய இரண்டும் மதிப்பான சொற்கள். எனினும் இவற்றிடையே நுட்பமான வேறுபாடு உண்டு. துணை என்றால் உதவி, ஆதரவு. பதவிப் பெயர்களில் முதன்மையானவருக்கு அடுத்தவர் என்றும் பொருள்படும். இணை என்றால் ஒத்தது, சோடி. தமிழ்நாட்டு அரசுத் துறைகளில் துணை இயக்குநரைவிட இணை இயக்குநர் உயர்நிலையில் இருப்பதை இங்கே ஒப்பிடலாம். எனவே சமநிலையை வலியுறுத்துவோர் இணையர் என்பதை விரும்புகின்றனர். சுயமரியாதை இயக்க மரபில் திருமணத்தை வாழ்க்கை இணையேற்பு விழா என்று குறிப்பிடுவது இதற்குச் சான்று. சடங்கற்ற சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் சட்ட ஏற்பு வழங்கியது.

இணையர் என்ற சொல்லுக்குச் சில வசதிகள் உண்டு. அது ஆண், பெண் எவருக்கும் பொருந்தும். மணமானவரா என்பதைச் சுட்டாது. தற்பாலின இணைகளுக்கும் ஏற்றது. ஆனால் ஒருவரை மதித்துச் சொல்லும்போதும் இருவரைச் சேர்த்துச் சொல்லும்போதும் ஒரே வடிவமே வருவதால் குழப்பம் நேரலாம். "என் இணையர்" என்றால் ஒருவர்; "இணையர் இருவரும்" என்றால் தம்பதியர்.

ஆங்கிலவழிச் சொற்கள்

பாய்ஃபிரண்ட், கேர்ள்ஃபிரண்ட் என்பன நகர வழக்கில் கலந்துவிட்டன. இவற்றை ஆண் நண்பர், பெண் தோழி என்று எழுதினால் வெறும் நட்பும் காதலும் வேறுபாடின்றிப் போகும். லவ்வர் என்பது தமிழில் காதலன், காதலி என்ற எளிய பொருளில் வழங்க, ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் உடலுறவுத் தொடர்பையே குறிக்கிறது. பார்ட்னர் என்பதைப் பங்குதாரர் என்று மொழிபெயர்ப்பது பிழை. அது வணிகக் கூட்டைக் குறிக்கும். கூட்டாளி என்றால் குற்றத்தில் உடந்தையானவர் என்ற நிழல் விழும்.

சட்டமும் சொல்லும்

பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், மனைவியரோடு திருமணத்தின் தன்மையிலான உறவில் வாழும் பெண்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. அவ்வுறவு எது என்பதை வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இருவரும் மணவயது நிறைந்தவராகவும், மணம் செய்யத் தகுதி உடையவராகவும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தவராகவும், சமூகத்தின் முன் கணவன் மனைவி போலத் தம்மைக் காட்டிக்கொண்டவராகவும் இருக்க வேண்டும் என்றது. இறுதி நிபந்தனையை நோக்கினால், ஒருவரை எப்படி அறிமுகப்படுத்துகிறோம் என்பது வெறும் சொல் விருப்பம் அன்று என்பது புலனாகும்.

அதே தீர்ப்பில், பொருளுதவி செய்து வைத்துக்கொள்ளப்படும் பெண்ணைக் குறிக்கும் 'கீப்' என்ற சொல் இடம்பெற்றது. அன்றைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் இச்சொல்லுக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். 2023-இல் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பாலினச் சொல்வழக்குக் கையேடு, இச்சொல்லைத் தவிர்த்து, திருமணத்திற்கு வெளியே உறவு கொண்ட பெண் என்று விளக்கமாக எழுதச் சொல்கிறது. தமிழில் வைப்பாட்டி, சின்னவீடு ஆகிய சொற்களும் இவ்வாறே பெண்ணைப் பொருளாகவும் இடமாகவும் ஆக்குகின்றன. அதே உறவில் உள்ள ஆணை இழிவுபடுத்த இவற்றுக்கு நேரான சொல் வழக்கில் இல்லை. கள்ளக்காதல் என்ற செய்தித்தாள் சொல்லுக்குப் பதிலாகத் திருமணத்தை மீறிய உறவு என்று எழுதும் போக்கும் உள்ளது.

பிற மொழிகளில்

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சுவீடிய மொழியில் மணமின்றிச் சேர்ந்து வாழ்பவரைச் சாம்போ என்பர். தனித்தனி வீட்டில் வாழும் இணையர் சார்போ எனப்படுவர். சாம்போ என்ற பேச்சுச் சொல்லே சுவீடனின் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் இடம்பெற்று, கூட்டாகப் பயன்படுத்த வாங்கிய வீட்டிலும் வீட்டுப் பொருள்களிலும் உரிமையைக் குறிக்கிறது. பிரான்சில் 1999-இல் பாக்ஸ் என்னும் பதிவு ஒப்பந்தம் வந்தபின், அதில் இணைந்தவரைக் குறிக்கப் பாக்ஸே என்ற புதுச்சொல் பிறந்தது.

தமிழில் பயன்படுத்தும் முறை

மணமானவரைக் கணவர், மனைவி, வாழ்க்கைத்துணை என்று குறிப்பிடலாம். மணநிலை தெரியாதபோதும், தெரிவிக்க வேண்டாதபோதும் இணையர் என்பது பொருந்தும். வயது எதுவாயினும் காதலர் என்பது பிழையன்று. குறளின் வழக்கு அதற்கு இடம் தருகிறது. பிறரைப் பற்றி எழுதும்போது, அவர்கள் தங்களுக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களோ அதையே எழுதுவது முறையாகும்.