குடியை விட்டவனின் இரவு

மதுவிலக்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கடையைப் பற்றியே பேசுகின்றனர். 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதியன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பமான நாள்தொட்டு இவ்விஷயமாக நாம் எழுதியதும் பேசியதும் கொஞ்சமல்ல. ஆயினும், குடியை விட்டவன் வீடு சென்று பாயில் படுத்த பின் அவனுக்கு நேர்வது என்ன என்பதில் நம்மவர் போதிய கவனம் செலுத்தியதாகத் தோன்றவில்லை.

"நித்திரை வருவதற்காகவே கொஞ்சம் குடிக்கிறேன்" என்று உழைப்பாளி ஒருவன் கூறினால், அதைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. மது மூளையின் வேகத்தை அடக்குவதால் கண் சீக்கிரம் மூடுகிறது என்பது மெய்யே. ஆனால் முன்னிரவில் கொடுத்ததைப் பின்னிரவில் வட்டியுடன் பறித்துக்கொள்வது மதுவின் சுபாவம். இரத்தத்தில் மது குறையக் குறைய விழிப்பு அடிக்கடி உண்டாகிறது; தொண்டைத் தசைகள் தளர்வதால் குறட்டையும் மூச்சுத் தடையும் மிகுகின்றன. மறுநாள் சோர்வு, அன்றிரவு மறுபடியும் குடி. தேகம் பழகிவிடவே, முந்திய அளவும் போதாமற் போகிறது.

இதனினும் கொடியது குடியை விட்ட பின் வரும் விழிப்பு. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று தினங்களில் சித்தப்பிரமைகூட உண்டாகி உயிருக்கே அபாயம் நேரலாம். வைத்தியர் மேற்பார்வை அவசியம் என்பது இதனாலேயே. அந்த ஆபத்து பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். நித்திரையின்மையோ பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் நீடிக்கும். வீடெல்லாம் உறங்கும் இரண்டாம் ஜாமத்தில் தான்மட்டும் விழித்துக்கிடப்பவனுக்கு, 'ஒரு கிளாஸ் போதுமே' என்ற எண்ணம் எழுவது அதிசயமா? அவன் சபதத்தை முறித்தான் என்று மறுநாள் ஏசுகிறோமே, அவன் எத்தனை இரவுகள் உறங்கவில்லை என்று யாரேனும் கேட்டதுண்டா?

தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தாலென்ன என்பாரும் உளர். 1963-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டயஸெபம் முதலிய மருந்துகள் தாமே பழக்கத்தில் ஆழ்த்த வல்லவை. வைத்தியர் சில தினங்கள் அளந்து கொடுப்பது வேறு. கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. மருந்தின்றியும் சிகிச்சையுண்டு: நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், பகலுறக்கம் தவிர்த்தல், உறக்கம் வராவிடில் பாயில் புரளாது எழுந்துவிடுதல் போன்ற பழக்கங்களைப் பயிற்றுவித்து, குடியை விட்டோரின் நித்திரையையும் சீர்ப்படுத்த இயலுமென்று வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர்.

மறியலில் நின்ற அன்பர்கள் இனி இவ்வேலையையும் ஏற்க வேண்டுகிறோம். குடியை விட்டவன் வீட்டுக்கு முதல் மூன்று மாதமேனும் சென்று, அவன் உறங்கினானா என்று விசாரித்து, உறங்காதவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்லட்டும்.