மீன் தொட்டியால் வளரும் கீரை

மீன் தொட்டி நீரைக் கொண்டே கீரை வளர்க்கும் முறை அக்குவாபோனிக்ஸ் எனப்படும். வீட்டின் பின்புறத்திலேயே இதனை அமைக்கலாம். தொட்டி நீரைப் பம்பு சரளைக்கல் பாத்திக்கு ஏற்றுகிறது. திலாப்பியா மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவைக் கற்களில் வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைக் கங்கோங் கீரை உரமாக உறிஞ்சிக்கொள்கிறது. சுத்தமான நீர் தொட்டிக்குத் திரும்புகிறது.

ஆனால், புதிய தொட்டியில் பாக்டீரியாக்கள் பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் நிறைய மீன்களை விட்டால், அம்மோனியா மிகுந்து அவை மடிந்துவிடும். எனவே, தொடக்கத்தில் சில மீன்களே போதும். அவை நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து மூச்சுவாங்கினால், தீனியை நிறுத்திவிட்டு, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். குளோரின் நீக்கிய நீரையே ஊற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் நிலைபெற்ற பின்னரே மீனும் கீரையும் செழிக்கும்.