கீசருக்குள் வளரும் சுண்ணாம்பு

கீசர் என்பது ஐஸ்லாந்தில் பீறிட்டடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்த சொல். அதே நாட்டில் ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப நிலையம் 1976-இல் இயங்கத் தொடங்கியபோது, கழிவு நீரை எரிமலைப் பாறைமேல் விட்டார்கள். பாறை உறிஞ்சிவிடும் என்று கணக்கு. நீரிலிருந்த சிலிக்கா ஆறியதும் படிந்து, பாறையின் துளைகளை அடைத்தது. தேங்கிய நீர்தான் இன்று பல நாட்டவரும் வந்து குளிக்கும் ப்ளூ லகூன். அங்கே படிவு சுற்றுலாவானது. நம் குளியலறையில் எலிமெண்ட்டை எரிக்கிறது.

நம் போர்த் தண்ணீரின் கதை தலைகீழ். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போதுதான் சுண்ணாம்பாகப் பிரியும். 60 டிகிரியைத் தாண்டினால் வேகம் கூடும். தண்ணீர் சூடாகத் தாமதம், தொட்டிக்குள் சடசடவென்ற சத்தம், ஷவரில் வெள்ளைத் துகள் எல்லாம் அதன் அடையாளம்.

எலிமெண்ட் போனால் செலவோடு போகும். அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு அடைபட்டு, தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தொட்டியே வெடிக்கலாம். வால்வில் நீர் சொட்டுகிறதே என்று அதை அடைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் தொட்டிக்குள் ஊற்றுவதும் வேண்டாம், உலோகத்தை அரித்துவிடும். ஆண்டுக்கொரு முறை, கரண்டைத் துண்டித்துவிட்டு, மெக்கானிக்கைக் கொண்டு தொட்டியைக் கழுவுங்கள். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியக் கம்பி தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

வாரண்டி அட்டையைப் பலரும் பழுதான பிறகுதான் படிக்கிறோம். உப்புத் தண்ணீரால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வரி பொடி எழுத்தில் இருக்கலாம். கடையிலேயே கேளுங்கள்: எவ்வளவு கடினத்தன்மை வரை வாரண்டி? குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை தெரிந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கீசரைத் தொடவே தொடாதீர்கள்.

"எந்தத் தண்ணீரும் தாங்கும்" என்று விளம்பரம் செய்துவிட்டுப் பிறகு உப்பைக் காட்டி வாரண்டியை மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அதையே புகாராக எழுதலாம். முதலில் 1915 உதவி எண். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பில், வாரண்டி அட்டை, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, சர்வீஸ்காரர் எழுதித் தரும் ஜாப் கார்டு ஆகியவற்றை ஒரே கவரில் போட்டு வையுங்கள். ஜாப் கார்டில் அவர் என்ன காரணம் எழுதினார் என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.