பஸ் போன வழியே வியாபாரமும் போகுமா?
பாரிமுனைக் கடைவீதிகளின் ஏற்ற இறக்கம்

சென்னைக்குக் கொள்முதலுக்கு வந்து பழகிய வெளியூர் வியாபாரி எவரும் பிராட்வே பஸ் நிலையத்தை மறந்திருக்க மாட்டார். இரவு ஊரில் பஸ் ஏறினால் விடிகாலை பாரிமுனையில் இறங்கலாம். பக்கத்து லாட்ஜில் குளித்து, டிபனை முடித்துக்கொண்டு, கடை திறக்கும்போது முதல் போணிக்கு வாசலில் நிற்கலாம். அண்ணாப் பிள்ளைத் தெருவில் பருப்பு, மிளகு விலை பேசி முடித்து, வீட்டில் கல்யாணம் என்றால் கோடவுன் தெருவில் துணியும் ஆண்டர்சன் தெருவில் பத்திரிகையும் பார்த்துவிட்டு, சரக்கை லாரி புக்கிங் ஆபீசில் போட்டு ரசீதை வாங்கிக்கொண்டு அன்றிரவே ஊருக்குத் திரும்பலாம். ஒரு நாள் கடையை விட்டு வந்தால் ஒரு மாதத்துச் சரக்குக்கு வழி பிறந்துவிடும்.

இந்த வசதியை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அமைக்கவில்லை. துறைமுகம் எதிரே இருந்தது. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கோர்ட்டு, பாங்கு, பஸ் நிலையம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். வருகிறவன் எங்கே இறங்குகிறானோ அங்கே கடை முளைக்கும் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இறங்கும் இடம் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஜார்ஜ் டவுன் வியாபாரிகள் முப்பது ஆண்டுகளுக்குள் மூன்று முறை சந்தித்துவிட்டார்கள். அந்தக் கதையை நம் சங்கத்தார் அனைவரும் ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் இன்று அதே கேள்வி கோயம்பேட்டில் கடை வைத்திருப்பவர்களையும் வந்து தொட்டிருக்கிறது.

முதல் அடி: 1996

கன்னிகா பரமேசுவரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமான கொத்தவால் சாவடிதான் தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்குக் காய்கறி போட்ட இடம். இரவு முழுவதும் லாரி, விடியும்வரை ஏலம், விடிந்தபின் அழுகல் வாடை. அந்தச் சந்தில் இரண்டு லாரி எதிரெதிரே வந்துவிட்டால் அன்றைய வியாபாரம் போயிற்று. மாற்றத்தான் வேண்டும் என்பதை அங்கே மண்டி வைத்திருந்தவர்களே உள்ளூர ஒப்புக்கொண்டார்கள். 1996-இல் கோயம்பேடு வளாகம் திறக்கப்பட்டது. குறிப்பிட்ட பொருள்களின் மொத்த வியாபாரம் எங்கே நடக்கலாம் என்று வரையறுக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. காய், கனி, மலர் வியாபாரம் மேற்கே போயிற்று.

கொத்தவால் சாவடி போனால் ஜார்ஜ் டவுனே போயிற்று என்று அன்றைக்குப் பேசியவர்களில் நாமும் உண்டு. நம் கணக்கு தப்பாகப் போயிற்று. காய்கறி மண்டிதான் போனதே தவிர, மளிகை மொத்த வியாபாரம் அந்தத் தெருக்களை விட்டு அப்படியே பெயர்ந்து போய்விடவில்லை. கோயம்பேட்டில் உணவு தானியத்துக்கென்று தனி வளாகம் 2015-இல் திறக்கப்பட்ட பிறகும், அங்கே போனவர்கள் உண்டு, போகாதவர்களும் உண்டு.

இதற்குக் காரணம் என்ன என்று யோசித்துப் பார்த்தால் நம் தொழிலின் தன்மையே புலப்படும். கத்தரிக்காய் விடிவதற்குள் விற்றாக வேண்டும். லாரி எங்கே நிற்கிறதோ அங்கேதான் விலை. துவரம் பருப்பு அப்படியல்ல. மூட்டை குடோனில் இருக்கலாம், செங்குன்றத்தில் இருக்கலாம், மாதவரத்தில் இருக்கலாம். தெருவுக்கு வர வேண்டியது ஒரு பிடி சாம்பிளும் வாங்குகிறவனின் நாணயமும்தான். பேச்சு ஓரிடத்தில், சரக்கு வேறிடத்தில் என்று எப்போது பிரிந்ததோ, அப்போதே பத்தடிக் கடைக்கு ஆயுசு நீண்டுவிட்டது. பகலில் கனரக வண்டிகளை நகருக்குள் விடாத கட்டுப்பாடும், நம்மை எரிச்சல் படுத்திக்கொண்டே, இந்தப் பிரிவினைக்கு உதவிற்று. தவணை கொடுப்பது, பாக்கி வசூலிப்பது, எந்த ஊர் மிளகாய் எந்த மாதம் வரும் என்று சொல்வது, இவற்றுக்கு லாரி நிறுத்த இடம் தேவையில்லை.

இரண்டாம் அடி: 2002

உண்மையான அடி ஆறு ஆண்டு கழித்து வந்தது. வெளியூர் பஸ்கள் எல்லாம் 2002 நவம்பரில் கோயம்பேட்டில் கட்டிய புதிய நிலையத்துக்கு மாற்றப்பட்டன. மண்டி போனபோது இருந்த பரபரப்பு இதற்கு இல்லை; பஸ்தானே என்று விட்டுவிட்டார்கள். விளைவு கண்கூடாகத் தெரியச் சில மாதங்கள் ஆயின. விடிகாலையில் இறங்கிய வெளியூர் வியாபாரி கோயம்பேட்டில் இறங்கினார். அங்கிருந்து 15பி பிடித்துப் பாரிமுனை வந்து சேர்வதற்குள் பாதி காலை போய்விடும். திரும்பும்போதும் அதே பாடு. லாட்ஜ், மெஸ், பெட்டிக்கடை, பை விற்கும் கடை என்று பஸ்ஸை நம்பியவர்கள் முதலில் வாடினார்கள். பிறகு மொத்தக் கடைகளிலும் வரத்து குறைந்தது.

ஆனால் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி குறையவில்லை. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். ஏறத்தாழ அதே காலத்தில்தான் கைபேசி எல்லார் கைக்கும் வந்தது. பல ஆண்டு வரவு செலவு வைத்து, பேரேட்டில் தனிப் பக்கம் இருந்த வாடிக்கையாளர் போனில் சரக்குச் சொல்ல ஆரம்பித்தார். பணம் பாங்கு மூலம் வந்தது, சரக்கு பார்சல் சர்வீசில் போயிற்று. அண்ணாச்சியின் குரல் கேட்டாலே போதும், முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற நிலை. அப்படிப்பட்ட கடைக்கு பஸ் போனதால் பெரிய நஷ்டமில்லை. ஆளுக்குக் காப்பி வாங்கிக் கொடுக்கும் செலவு மிச்சம் என்றுகூடச் சொல்லலாம். வழியில் போகிறவர் ஏறி இறங்கும் வியாபாரத்தை மட்டும் நம்பி, யார் வாங்கினார், எந்த ஊர் என்று குறித்து வைக்காத கடைக்குத்தான் அடி பலமாக விழுந்தது. அந்த ஆள் கோயம்பேட்டோடு நின்றுவிட்டார். அவர் பெயர் தெரியாததால் தேடிப்போகவும் வழியில்லை.

பர்மா பஜார் கதை இதிலிருந்து சற்று வேறு. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் ஏற்பட்ட அந்தக் கடைவரிசை, வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலத்தில் கொடி கட்டிப் பறந்தது. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்து, அதே சாமான் ஒவ்வொரு ஊரிலும் கிடைத்தபோது, பஸ் இருந்தும் பழைய மவுசு இல்லை. அவர்கள் சரக்கை மாற்றி மாற்றிச் சமாளித்தார்கள். இடம் நல்ல இடமாக இருந்தாலும், பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கிற சரக்கை வாங்க ஒருவரும் பஸ் ஏறி வரமாட்டார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தியாகராய நகர் கொடுத்து வைத்தது

தெற்கே தியாகராய நகரைப் பாருங்கள். ரங்கநாதன் தெருவில் என்ன அதிசயம்? மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கினால் தெரு நேரே உஸ்மான் சாலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. சற்றுத் தள்ளிப் பஸ் நிலையம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் கடை. அந்த ரயில் நிலையத்தை யாரும் இடம் மாற்றவில்லை. 2011 இறுதியில் விதி மீறிய கட்டடங்கள் என்று பல பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தபோதுகூட கூட்டம் வேறு பேட்டைக்குக் குடிபோய்விடவில்லை. பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகள் 2013-இல் தனி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் வந்தது. காரை நிறுத்த இடமில்லை என்று அலுத்துக்கொள்கிற கடைக்காரரும் உண்டு. ஆனால் அங்கே ஜவுளியும் பாத்திரமும் வாங்கக் கால்நடையாக வருகிற குடும்பங்களைத்தான் கல்லாப்பெட்டிக்குத் தெரியும். மவுண்ட் ரோட்டின் பழைய பெருமை காரில் வந்து இறங்கியவர்களோடு வந்தது. கார்கள் வேறு வேறு மால்களுக்குத் திரும்பியபோது, மெட்ரோ வேலைக்காகச் சாலையை ஆண்டுக்கணக்கில் தோண்டி வைத்தபோது, அந்தப் பெருமையும் தேய்ந்தது.

மெட்ரோ ஜார்ஜ் டவுனுக்கும் வந்திருக்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து உயர்நீதிமன்றம், மண்ணடி என்று இரண்டு நிலையம். ஆனால் மெட்ரோவில் மூட்டையோடு ஏற முடியாது. அதில் வருகிறவர் கையில் பையோடு வருகிற குடும்பத்தார்: முந்திரி, திராட்சை, ஏலக்காய், மசாலாச் சாமான் அரைக் கிலோ, கால் கிலோ வாங்குகிறவர்கள். வீட்டிலேயே சமைத்து விற்கிறவர்களும் அதில் உண்டு. மொத்த வியாபாரிகள் சிலர், கால் கிலோவுக்கு நான் தராசு தூக்குவதா என்று இன்னமும் முகம் திருப்புகிறார்கள். வேறு சிலர் கடை முகப்பில் சின்னத் தராசு ஒன்றும் பையனொருவனையும் போட்டுவிட்டார்கள். எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, ஆனால் இரண்டாமவர் கடையில் தீபாவளி மாதம் நிற்க இடமில்லை என்பதைப் பார்த்திருக்கிறோம்.

இப்போது கோயம்பேட்டின் முறை

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது. 2024 தொடக்கத்தில் தென் மாவட்டப் பஸ்கள் அங்கே போயின. பாரிமுனைக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இடையே 30 கிலோமீட்டருக்கும் மேல். கோயம்பேட்டைச் சுற்றி இருபது ஆண்டில் முளைத்த லாட்ஜும் ஓட்டலும் பார்சல் ஆபீசும், 2002-இல் பிராட்வேக்காரர்கள் பார்த்ததை இப்போது பார்க்கிறார்கள். காய்கறி லாரி இன்னும் அங்கேதான் வருகிறது என்பது ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலும் நிரந்தரமல்ல என்பதை 2020 காட்டிவிட்டது. கொரோனாவால் மே 5 அன்று மார்க்கெட் மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போய், மழையில் சேற்றில் நின்று விற்று, செப்டம்பர் கடைசியில்தான் திரும்ப முடிந்தது. ஐந்து மாதத்தில் பல சில்லறைக் கடைக்காரர்கள் பக்கத்திலேயே வேறு கொள்முதல் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று ஒவ்வொரு மண்டிக்காரரும் தம் சிட்டையைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்.

இதற்கெல்லாம் அரசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊர் பெருத்தால் பஸ் நிலையம் வெளியே போகத்தான் செய்யும். ஆனால் போகும்போது கடைவீதியைக் கேட்டுவிட்டுப் போவது வழக்கமாக வேண்டும். 2002-இல் கேட்கவில்லை, நாமும் போய்க் கேட்கவில்லை. பிராட்வே நிலையத்தையும் குறளகத்தையும் சேர்த்துப் பல மாடி வளாகமாகக் கட்டும் திட்டம் ஒன்று அரசிடம் உள்ளது. பஸ், மெட்ரோ, ரயில் மூன்றையும் இணைப்பதாகச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வேலை நடக்கும் ஆண்டுகளில் பஸ்கள் எங்கே நிற்கும், அங்கிருந்து கடைத்தெருவுக்கு நடக்க வழி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மவுண்ட் ரோட்டில் தோண்டிய பள்ளத்தோடு எத்தனை வாடிக்கை போயிற்று என்பதை அங்கே கடை வைத்திருந்த நண்பர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லாத கடைவீதியில் குடும்பத்தார் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள். அதையும் கேட்க வேண்டும். சரக்கு ஏற்றி இறக்கும் நேரம் காலை எத்தனை மணிவரை என்று போலீசாரோடு ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

அதுவரை ஒவ்வொருவரும் தம் கடையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாசலில் ஏறும் புதியவரிடம் பில் போடும்போதே பெயர், ஊர், போன் நம்பர் மூன்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பிராட்வேயில் அந்த நோட்டு இருந்த கடைகளில் பெரும்பாலானவை இன்றும் அதே கதவு எண்ணில் இருக்கின்றன. வரைபடம் வெளியானதும் சங்கத்தின் சார்பில் ஒரு குழு நேரில் சென்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதில் மீன்பாடி வண்டி நிறுத்த இடம் காட்டியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.