ஒரே மாவட்டம், ஒரே ஓட்டம், இரு வேறு பாதைகள்: இந்திய மாரத்தானில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே விரியும் இடைவெளி

புது தில்லி: 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் மாரத்தானை இந்தியாவின் தோனக்கல் கோபி 2 மணி 15 நிமிடம் 25 விநாடிகளில் ஓடி முடித்து 25-ஆவது இடத்தைப் பெற்றார். பாராட்டத்தக்க ஓட்டம்தான். ஆனால், அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 2003 லண்டன் மாரத்தானில், பிரிட்டனைச் சேர்ந்த பவுலா ராட்கிளிஃப் என்ற பெண் இதே தூரத்தை ஒரு விநாடிகூட மாறாமல் அதே நேரத்தில் கடந்துவிட்டார் என்பது பலருக்கும் நினைவிருக்காது.

இந்தத் தற்செயல் ஒற்றுமையைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. ரியோவில் பெண்களுக்கான மாரத்தானில் ஓடிய ஓ.பி. ஜைஷாவும் கோபியின் மாவட்டத்தைச் சேர்ந்தவர்தான். இருவரும் கேரளத்தின் வயநாட்டு மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள். ஜைஷா 2 மணி 47 நிமிடம் 19 விநாடிகளில் ஓடி 89-ஆவதாக வந்து, எல்லைக் கோட்டில் சரிந்து விழுந்தார். வழியில் தமக்குக் குடிநீரோ ஊட்டப்பானமோ தருவதற்கு இந்தியத் தரப்பில் எவரும் இல்லை என்று நாடு திரும்பியபின் அவர் கூறினார். தனிப்பட்ட பானங்கள் வேண்டாம் என்று வீராங்கனையின் தரப்பிலேயே கூறப்பட்டதாகத் தடகளக் கூட்டமைப்பு மறுப்புத் தெரிவித்தது. மத்திய விளையாட்டு அமைச்சகம் இரு நபர் குழுவை அமைத்தது. சில வாரங்களில் நாடு அதை மறந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜைஷா இரண்டு முறை தேசிய சாதனை படைத்திருந்தார்: ஜனவரியில் மும்பையில் 2 மணி 37 நிமிடம் 29 விநாடி, ஆகஸ்டில் பெய்ஜிங் உலக சாம்பியன் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடி. அப்போது அவருக்கு வயது 32. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டரிலும், 2014 இன்சியானில் 1,500 மீட்டரிலும் வெண்கலம் வென்ற பிறகே அவர் மாரத்தானுக்கு வந்தார். பெய்ஜிங்கில் அவருடன் ஓடிய சுதா சிங்கும் தடை தாண்டும் 3,000 மீட்டர் ஓட்டத்தில் பெயர் பெற்று, பின்னர் நெடுந்தூரத்துக்குத் திரும்பியவரே. ஜைஷாவின் குறிப்பிடத்தக்க மாரத்தான்கள் 2015, 2016 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

கோபியோ ரியோவுக்குப் பிறகு 2017-இல் சீனாவின் டோங்குவான் நகரில் ஆசிய மாரத்தான் பட்டம் வென்றார்; 2019-இல் சியோலில் 2 மணி 13 நிமிடம் 39 விநாடிகளில் ஓடினார்; 2024 மும்பை மாரத்தானில், தமது 35-ஆவது வயதில், இந்தியர்களில் இரண்டாவதாக வந்தார். ஒருவருக்கு மாரத்தான் ஒரு வாழ்க்கைத் தொழிலாக அமைந்தது. மற்றவருக்கு அது பந்தய வாழ்வின் கடைசி அத்தியாயமாக முடிந்தது.

ராணுவம் என்னும் கதவு: இந்த வேறுபாட்டுக்கு உடற்கூறு மட்டும் காரணமா? கணக்கைப் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டில் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடிகளிலும், பெர்லினில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 விநாடிகளிலும் ஓடி உலக சாதனை படைத்தனர். இடைவெளி 11 நிமிடம் 18 விநாடி. (2024-இல் இன்னும் வேகமாக ஓடிய கென்ய வீராங்கனை ரூத் செப்ன்கெடிச் மறு ஆண்டே ஊக்கமருந்து விவகாரத்தில் தடை செய்யப்பட்டதால், அவரது நேரத்தை இக்கணக்கில் சேர்க்கவில்லை.) இந்தியாவில் 1978-இல் ஜலந்தரில் சிவநாத் சிங் நிகழ்த்திய 2 மணி 12 நிமிடத்துக்கும் ஜைஷாவின் நேரத்துக்கும் உள்ள இடைவெளி 22 நிமிடம் 43 விநாடி, ஏறத்தாழ இரு மடங்கு. உலக விகிதப்படி பார்த்தால், 2 மணி 24 நிமிட அளவில் ஓடும் இந்தியப் பெண் ஒருவர் எப்போதோ தோன்றியிருக்க வேண்டும். அவர் எங்கே?

விடையின் பெரும்பகுதி ராணுவக் குடியிருப்புகளில் இருக்கிறது. சிவநாத் சிங் ராணுவத்தில் பணியாற்றியவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய ராம் சிங் யாதவ் ராணுவ வீரர். ரியோவில் ஓடிய கோபி, கேதா ராம், நிதேந்திர சிங் ராவத் மூவருமே ராணுவத்தினர். மாதச் சம்பளம், உணவு, மருத்துவம், பயிற்சியாளர், உடன் ஓடுவதற்குச் சமவலிமையுள்ள இருபது பேர் - மாரத்தான் வீரனை உருவாக்குபவை இவைதாம். கோபியே 2016 மும்பை மாரத்தானில் நிதேந்திராவுக்கு வேகத்துணையாக இறங்கி, அந்த ஓட்டத்திலேயே ஒலிம்பிக் தகுதி பெற்றவர். அப்படியொரு துணை ஜைஷாவுக்கு வாய்க்கவில்லை.

சிப்பாய் நிலையில் பெண்களைச் சேர்க்க ராணுவம் முன்வந்தது 2019-இல்தான். அதுவும் ராணுவக் காவல் பிரிவில் மட்டும். முதல் அணியாக 83 பெண்கள் 2021-இல் பயிற்சி முடித்து வெளியேறினர். அதன் பின்னரே குத்துச்சண்டை வீராங்கனை ஜாஸ்மின் லம்போரியா போன்ற சிலர் விளையாட்டுத் தகுதியில் சேர்க்கப்பட்டனர். அதுவரை பெண்களுக்கு இருந்த பெரிய ஆதரவு ரயில்வேயும் சில பொதுத்துறை நிறுவனங்களும்தான். அங்கும் பெரும்பாலும் பதக்கம் பெற்றவர்களுக்கே வேலை. ஓடத் தெரியும் என்பதற்காக எவரும் அழைப்பதில்லை.

ஆண்களின் கதவும் முன்போல் அகலமாக இல்லை. 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி சேர்வோரில் நான்கில் ஒருவருக்கே நான்கு ஆண்டுகளுக்குப் பின் பணி நீடிப்பு உண்டு. மாரத்தான் வீரர் கனிவதோ இருபதுகளின் பிற்பகுதியில். நிரூபித்த வீரர்களுக்கு நேரடி ஹவில்தார் நியமனம் தொடர்கிறது என்றாலும், சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து பின்னர் ஓட்டத்தில் அடையாளம் காணப்படும் இளைஞருக்கு இது பாதகமே.

பின்தங்கியவர்கள் பெண்களா?: ஒலிம்பிக்கில் ஆண்களின் மாரத்தான் 1896-இல் தொடங்கியது, பெண்களுக்கு 1984 வரை அனுமதியில்லை. அனுமதி கிடைத்த மறு ஆண்டே ஆஷா அகர்வால் ஆசிய மாரத்தான் பட்டத்தை வென்றார். 1992-இல் சுனிதா கோதாரா வென்றார். அதே பட்டத்தை இந்திய ஆண் ஒருவர் வெல்ல 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆற்றல் இல்லை என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இல்லாதது தொடர்ச்சி. 2019 மும்பை மாரத்தானில் இந்திய ஆண்களில் முதல்வரின் நேரம் 2 மணி 15 நிமிடம் 52 விநாடி. பெண்களில் சுதா சிங்கின் நேரம் 2 மணி 34 நிமிடம் 56 விநாடி. 2024-இல் ஆண்களின் வெற்றி நேரம் 2 மணி 17 நிமிடம் 29 விநாடி. பெண்களுடையது 2 மணி 47 நிமிடம் 11 விநாடி. ஆண்கள் ஒன்றரை நிமிடம் சறுக்கினர். பெண்கள் 12 நிமிடத்துக்கும் மேல். ஒருவர் ஓய்ந்தால் அடுத்தவர் வர ஆண்களிடம் ஆள் உண்டு.

வயதையும் தாய்மையையும் காரணம் காட்டுவோர் ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டோமெஸ்குவைப் பார்க்கலாம். ஒரு மகனுக்குத் தாயான அவர் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 38 வயதில் தங்கம் வென்றார். ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் குழந்தை பெற்று, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் வென்றார்.

கடலுக்கு அப்பால்: ரயில்வே என்னும் ஆதரவும் எட்டாத இடம் ஒன்று உண்டு. அந்தமான் தலைநகரில், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், மரைன் ஹில் பகுதியில் வளரும் ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் நகரம் அது. தீவுகளில் ரயிலே கிடையாது. முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் 2001 முதல் அங்கு இயங்குகிறது. அவளுடைய அண்ணன் அன்றாடம் பார்த்து வளர்வது சீருடையைத்தான். அவளுக்கு?

இதே தீவுகள் சைக்கிள் பந்தயத்தில் வேறு கதை சொல்கின்றன. 2004 ஆழிப்பேரலையில் தப்பிப் பிழைத்த கார் நிகோபார் சிறுமி டெபோரா ஹெரால்ட், 2015-இல் 500 மீட்டர் பந்தயத்தில் உலகத் தரவரிசையில் நான்காம் இடம் வரை சென்றார். தீவுகளின் இளைஞர் ஈசோ ஆல்பென் 2018-இல் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றது அதற்குப் பின்னர்தான். இருபாலருக்கும் பயிற்சிக் கதவு திறந்திருந்தபோது, முன்னால் சென்றவள் பெண்.

டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளின் மாரத்தானில் இந்தியர் எவரும், ஆணோ பெண்ணோ, ஓடவில்லை. பாரிஸில் வழக்கத்தை மாற்றி, நிறைவு நாளில் பெண்கள் மாரத்தான் நடத்தப்பட்டது. தில்லியில் விளையாட்டு, பாதுகாப்பு, ரயில்வே ஆகிய மூன்று அமைச்சகங்களும் அருகருகேதான் இருக்கின்றன. நெடுந்தூர ஓட்டத்துக்கென ஆண்டுதோறும் எத்தனை பெண்களை, எந்த வயதில், எத்தனை ஆண்டுகளுக்குப் பணியில் சேர்க்கப் போகிறீர்கள் என்ற கேள்வியை இந்த மூன்றிடமும் சேர்த்துக் கேட்க நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களுக்குக் குறைவில்லை. சட்டப்பேரவை இல்லாத அந்தமானுக்கு மக்களவையில் இருப்பதோ ஒரே ஓர் இடம்.